வைக்கோல்: விற்பதா, மடக்கி உழுவதா?

கதிர் அறுக்கும் இயந்திரம் ஏறி இறங்கிய நெல்வயலில் வைக்கோல் இரண்டு விதமாகக் கிடக்கும். வேரோடு ஒரு சாண், ஒரு முழம் உயரத்துக்கு நிற்பது அரிதாள். இயந்திரத்தின் பின்வாயிலிருந்து கொட்டி வரிசை வரிசையாகப் பரந்து கிடப்பது உதிரி வைக்கோல். விற்பதா, மடக்கி உழுவதா என்ற கேள்வி இரண்டாவதுக்கு மட்டுமே உரியது. அரிதாளை யாரும் விலைக்குக் கேட்பதில்லை. அது எப்படியும் ரோட்டவேட்டருக்குக் கீழேதான் போகிறது. ஏக்கருக்கு 2 டன் நெல் கண்டால் வைக்கோலும் ஏறத்தாழ அதே எடைக்குத் தேறும். அதில் பாதியளவு அரிதாளாகவே நின்றுவிடும். ஆக, தர்க்கத்துக்கு உரியது ஏக்கருக்கு 1 டன். வைக்கோலை விற்றால் மண் செத்துப்போகும் என்று சொல்பவர்களும், உழுதுவிட்டால் கைக்காசு போச்சு என்று சொல்பவர்களும் இந்த முதல் கணக்கைப் போடுவதில்லை.

இந்தக் கேள்வியே இயந்திரத்தோடு வந்ததுதான். கையறுவடைக் காலத்தில் வைக்கோல் கதிர்க்கட்டோடு களத்துக்கு வந்தது; அடித்து, மாடு கட்டிப் போரடித்து, உதறிக் காயவைத்து, வீட்டோரம் போராக ஏறியது. மாடு தின்றது, சாணம் எருக்குழிக்குப் போனது, எரு வயலுக்குத் திரும்பியது. அங்கே விற்பதா உழுவதா என்று கேட்க இடமே இல்லை. 1966-ல் ஐ.ஆர்.8 என்ற நெல் வந்தபின் குட்டைரகங்கள் பரவின. நெல் கூடியது, அதற்கு ஈடாக வைக்கோல் கூடவில்லை. உழவு மாட்டின் இடத்தை டிராக்டர் பிடித்தது. பிறகு அறுவடை இயந்திரம் வைக்கோலை வயலிலேயே கொட்டிவிட்டுப் போனது. அதைச் சுருட்டிக் கட்டுப்போடும் பேலர் வந்ததும் வைக்கோல் வயலிலிருந்தே லாரி ஏறும் சரக்காயிற்று.

இனிக் கணக்கை ஓரிடத்தில் வைத்துப் போடுவோம். சென்னைக்கு வடக்கோரத்துக் காத்திவாக்கத்தில் நெல் கிடையாது. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே கொசஸ்தலையாற்றின் முகத்துவாரம். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஊர். ஆனால் கும்மிடிப்பூண்டி ரயில் காத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம் தாண்டி மீஞ்சூர், பொன்னேரி நெருங்கும்போது இரு பக்கமும் நெல்வயல்தான். இந்த வயல்களின் வைக்கோல் கணக்கை முடிவுசெய்யும் மூன்று தரப்பும் தென்புறத்துத் தொழிற்பட்டையில் இருப்பது வேறு எந்த ஊருக்கும் எளிதில் வாய்க்காத ஒன்று. மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் உரம் செய்கிறது. 1966-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. மாதவரத்தில் நகரத்து மாடுகளுக்காகவே ஏற்பட்ட பால்பண்ணைக் குடியிருப்பும், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்கள். மண், மாடு, கொதிகலன் என்று வைக்கோல் போய்ச் சேரக்கூடிய மூன்று இடங்களுக்கும் இங்கே விலை போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் மண். 1 டன் உலர்ந்த நெல்வைக்கோலில் தழைச்சத்து 5 முதல் 8 கிலோ, மணிச்சத்து 2 கிலோ அளவு, சாம்பல்சத்து 14 முதல் 20 கிலோ. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் தழைச்சத்தில் பெரும்பங்கு நெல்மணியோடு போய்விடும். சாம்பல்சத்திலோ ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வைக்கோலிலேயே தங்கும். இதைக் கடைவிலையில் வைத்துப் பார்க்கவேண்டும். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதில் தழைச்சத்து ஏறக்குறைய 21 கிலோ, அதாவது கிலோ 13 ரூபாய்கூட இல்லை. வைக்கோலில் உள்ள 6 கிலோ தழைச்சத்தின் மதிப்பு 80 ரூபாய்க்குள் அடங்கிவிடும். மணிச்சத்து, டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய் என்ற கணக்கில், 100 ரூபாய்ச் சொச்சம். சாம்பல்சத்து தரும் பொட்டாஷின் கதை வேறு. 2022-க்குப் பின் 50 கிலோ மூட்டை 1,500 ரூபாய்க்கு மேலேயே விற்றிருக்கிறது. மூட்டைக்கு 30 கிலோ சாம்பல்சத்து. கிலோ 50 ரூபாய்க்கு மேல். 17 கிலோவுக்கு 900 ரூபாய். மூன்றையும் கூட்டினால் 1 டன் வைக்கோலின் உரமதிப்பு 1,100 ரூபாயை ஒட்டி நிற்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு பொட்டாஷ் மட்டுமே.

கட்டுக் கணக்கில் சொன்னால் இன்னும் விளங்கும். சிறு பேலர் சுருட்டும் ஒரு கட்டு 15 கிலோ என்று வைத்துக்கொண்டால் டன்னுக்கு 66 கட்டு. ஒரு கட்டுக்குள் இருக்கும் உரம் 16 ரூபாய் பெறும். கட்டுக்கூலி, ஏற்றுகூலி எல்லாம் போக உழவர் கையில் நிற்பது கட்டுக்கு 16 ரூபாய்க்குக் கீழே என்றால் விற்பதில் பொருளில்லை. அதற்கு மேலே என்றால் விற்றுவிட்டு, வந்த காசில் ஒரு பகுதிக்குப் பொட்டாஷ் வாங்கிப் போடுவது லாபம். தீவனம் தட்டும் ஆண்டுகளில் கையில் நிற்கும் விலை இந்த 16 ரூபாயைப்போலப் பல மடங்கு ஏறிவிடும். யூரியாவுக்கு அரசு தரும் மானியம் வைக்கோலை மலிவாக்கிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்; இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

பொட்டாஷில் இன்னொரு நுணுக்கம் உண்டு. வைக்கோலில் அது தண்ணீரில் கரையும் நிலையிலேயே இருக்கிறது. வயலில் கிடக்கும் வைக்கோல் மீது ஒரு நல்ல மழை பெய்தால் கணிசமான பொட்டாஷ் கழுவிக்கொண்டு மண்ணில் இறங்கிவிடும். மழையில் நனைந்து நிறம் மங்கிய வைக்கோல் சந்தையில் விலை போகாது. ஆனால் வயல் தன் பங்கை அதற்குள் எடுத்துக்கொண்டிருக்கும்.

உரமதிப்பு இவ்வளவுதான் என்றால் மண்ணின் கரிமம்? மடக்கி உழவேண்டும் என்பவர்களின் வலுவான வாதம் இதுதான். வலுவானது என்பதாலேயே அளந்து பார்க்கவேண்டியது. ஓர் ஏக்கரில் மேல் அரையடி மண் சுமார் 900 டன் எடை. கரிமம் 0.5 விழுக்காடு என்றால் 4.5 டன். 1 டன் வைக்கோலில் கரிமம் 400 கிலோ. நம் வெப்பத்தில் அதில் பெரும்பகுதி ஓராண்டுக்குள் காற்றோடு கலந்துவிடும். பத்தில் ஒரு பங்கு தங்கினாலும் 40 கிலோ. அப்படியானால் 0.5-ஐ 0.6 ஆக்க இருபதுக்கு மேற்பட்ட அறுவடைகளின் வைக்கோலைத் தொடர்ந்து உழவேண்டும். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் பண்ணையில் 1843 முதல் கோதுமைப் பரிசோதனை நடந்துவருகிறது. அங்கும் பிற இடங்களிலும் கோதுமை வைக்கோலைப் பல்லாண்டுகள் மடக்கி உழுது கண்ட முடிவும் இதே போக்குதான்: கரிமம் கூடுகிறது, மிக மெதுவாக. என்றாலும் களிமண் இளகுவதும், உழவு சுலபமாவதும், நீர் பிடிப்பதும் கரிம விழுக்காடு காட்டுவதைவிட முன்னதாகவே தெரியத் தொடங்கும். மண் பரிசோதனையில் கரிமம் 0.5-க்குக் கீழே வந்த வயலுக்கு வைக்கோலை மறுப்பது நியாயமல்ல. 0.75-க்கு மேலே இருக்கும் வயலுக்கு அரிதாளும் வேரும் போதும்.

உழுவதிலும் எப்போது உழுவது என்பதே பாதி விஷயம். வைக்கோலில் கரிமம் மிகுதி, தழைச்சத்து சொற்பம். அறுபது எழுபதுக்கு ஒன்று என்ற விகிதம். அதைத் தின்று மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். அந்த வாரங்களில் நட்ட நாற்று வெளுத்து நிற்கும். உழவர் அதைப் பார்த்து யூரியாவைக் கூட்டிப் போடுவார். வைக்கோல் மக்கி முடிந்ததும் பிடித்துவைத்த சத்து ஒருசேர வெளிப்பட்டு, பயிர் கரும்பச்சையாகி, பூச்சிக்கும் நோய்க்கும் இடம் கொடுக்கும். இதைத் தவிர்க்கத்தான், தாளை மடக்கி உழும்போதே எக்டேருக்கு 22 கிலோ யூரியா போடவும், நடவுக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாக அதை முடிக்கவும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது.

தண்ணீர் கட்டிய சேற்றில் பச்சை வைக்கோலைப் புதைத்து உடனே நட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு நாற்றுக் குத்தைப் பிடுங்கினாலே பார்த்துவிடலாம். வேர் வெண்மையாகவோ துருநிறமாகவோ இருக்கவேண்டும், கறுத்திருக்கும். சேற்றில் கைவிட்டால் குமிழி குமிழியாக வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும். இழுத்தால் வைக்கோல் மக்காமல் நார் நாராகக் கையோடு வரும். காற்றில்லாத சேற்றில் கந்தக வாயுவும் கரிம அமிலங்களும் வேரைச் சுடுகின்றன என்பதற்கு இதைவிட வேறு பரிசோதனை வேண்டியதில்லை. கூடவே மீத்தேனும் வெளியேறுகிறது. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2006-ல் வெளியிட்ட கணக்கீட்டு நெறிகளின்படி, நடவுக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக உழுத வைக்கோல், கடைசி நேரத்தில் உழுததில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவான விளைவையே மீத்தேனில் உண்டாக்குகிறது. ஈரம் மட்டும் உள்ள, தண்ணீர் கட்டாத மண்ணில் ஒரு மாதம் கிடந்து மக்குவதுதான் வைக்கோலுக்கு முறையான அடக்கம்.

அந்த ஒரு மாதம் எல்லாப் பருவத்திலும் கிடைப்பதில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் நெல்லுக்கு மூன்று பட்டம்: சொர்ணவாரி, சம்பா, நவரை. சம்பா பொங்கலை ஒட்டி அறுவடையாகும். மழை ஓய்ந்து வெயில் நிலைத்த நாட்கள். வைக்கோல் இரண்டு மூன்று நாளில் சலசலவென்று காய்ந்துவிடும். ஆனால் அதே வயலில் நவரை நடுவதாக இருந்தால் இடைவெளி மிகக் குறைவு. விற்பதற்கு ஏற்ற வைக்கோலும், உழுவதற்கு ஏலாத கால அவகாசமும் ஒன்றாக வரும் பட்டம் இது. நவரை சித்திரை வெயிலில் அறுவடையாகிறது. அடுத்துத் தண்ணீர் வரும்வரை நிலம் சும்மா கிடக்குமானால், கோடை மழை ஒன்று பெய்ததும் உழுது போட்டு இரண்டு மாதம் மக்கவிட இதைவிட நல்ல காலம் இல்லை. சொர்ணவாரி ஆவணி, புரட்டாசி வாக்கில் மாலை மழைக்கு நடுவே அறுவடையாகும். அந்த வைக்கோலைக் காயவைப்பது பெரும்பாடு.

காயாத வைக்கோலைக் கட்டுப்போட்டால் அது கட்டுக்குள்ளேயே வேகத் தொடங்கும். மூன்றாம் நாள் கட்டின் நடுவே கையைச் செருகினால் வெந்நீர்ப் பானையைத் தொட்டதுபோல் சூடு தெரியும். பத்து நாளில் வெள்ளைப் பூசணம் பூத்து, தட்டினால் தூசியாகப் பறக்கும். அந்த வைக்கோலை மாட்டுக்குப் போடக்கூடாது. பூசண நஞ்சு பாலிலும் இறங்கும். சோதனை எளிது. ஒரு பிடி வைக்கோலை எடுத்து முறுக்கினால் முறிய வேண்டும். கயிறாகத் திரிந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். ஈரம் 15 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் கட்டு தாங்கும்.

இரண்டாவது, மாடு. இங்கே மாடு தின்பது நெல்வைக்கோல்; பஞ்சாபில் நிலைமை தலைகீழ். அங்கே கோதுமை வைக்கோலைத் துண்டாடித் தூரி என்று சேமித்து மாட்டுக்குப் போடுகிறார்கள். அதை உழுவதா விற்பதா என்ற பேச்சு தீவன விலையை ஒட்டியே நடக்கிறது. மணற்சத்து மிகுந்த நெல்வைக்கோலை, பாஸ்மதி தவிர, மாட்டுக்கு ஏற்றதாகக் கருதுவதில்லை. அதோடு நெல்லுக்கும் அடுத்த கோதுமைக்கும் நடுவே சில வாரங்களே கிடைப்பதால் கொளுத்திவிடுகிறார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் தடை போட்டும் புகை முழுக்க நின்றபாடில்லை. கொளுத்தினால் தழைச்சத்து ஏறக்குறைய முழுதும், மணிச்சத்தில் நாலில் ஒன்று, சாம்பல்சத்தில் ஐந்தில் ஒன்று போய்விடும். விற்பதும் உழுவதும் எப்படிப் போனாலும், கொளுத்துவது மட்டும் எந்தக் கணக்கிலும் தேறாது.

தமிழ்நாட்டில் நெல்வைக்கோல்தான் கறவை மாட்டின் வயிற்றை நிரப்புகிறது; கேரளத்து மாடுகளுக்கும் இங்கிருந்தே லாரி போகிறது. சத்து என்று பார்த்தால் புரதம் நூற்றுக்கு மூன்று நான்குதான். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 5, 6 கிலோ என்றால் ஓர் ஏக்கரின் 1 டன் வைக்கோல் ஆறு மாதத்துக்கு வரும். 4 கிலோ யூரியாவை 50 முதல் 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து 100 கிலோ வைக்கோல் மீது சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்தால் செரிமானமும் புரதமும் கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு மட்டும் இது ஆகாது. வீட்டில் மாடு வைத்திருக்கும் உழவருக்கு இந்த விவாதமே வேண்டாம். வைக்கோல் மாட்டுக்கு, சாணம் வயலுக்கு. பொட்டாஷும் பெரும்பாலும் ஊரை விட்டுப் போகாது, மூத்திரம் ஓடிப்போகாமல் தொழுவத் தரையில் மண்ணோ கூளமோ பரப்பிப் பிடித்தால். நகரத்துத் தொழுவத்துக்கு லாரி ஏறிய வைக்கோலின் சாணம் பொன்னேரிக்குத் திரும்புவதில்லை. அந்த இழப்பை மூட்டையில் வரும் பொட்டாஷ்தான் ஈடுகட்ட வேண்டும். நாட்டுக்கு வேண்டிய பொட்டாஷோ ஏறக்குறைய முழுதும் கப்பலில் வருகிறது.

மூன்றாவது, கொதிகலன். நிலக்கரியோடு வேளாண் கழிவு வில்லைகளையும் கலந்து எரிக்கவேண்டும் என்று மத்திய மின்துறை 2021 அக்டோபரில் கொள்கை திருத்தியது. 2023-ல் மீண்டும் திருத்தி, 2024-25 நிதியாண்டிலிருந்து 5 விழுக்காடு என்று இலக்கு வைத்தது. காத்திவாக்கத்தை அடுத்து நின்ற 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டுவிட்டது. வல்லூரில் 1,500 மெகாவாட் இயங்குகிறது. முழுத்திறனில் ஒரு நாளைக்கு 3 கோடியே 60 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு 650, 700 கிராம் நிலக்கரி என்றால் 20,000 டன்னுக்கு மேல். அதில் 5 விழுக்காடு 1,000 டன்னைத் தாண்டும். ஒரு நாள் பங்குக்கே ஆயிரம் ஏக்கர் வைக்கோல். அறுவடையோ ஆண்டில் சில வாரங்கள்; கொதிகலன் எரிவதோ ஆண்டு முழுக்க. நெல்வைக்கோலில் சாம்பல் 15 விழுக்காட்டுக்கு மேல். பொட்டாஷும் குளோரினும் சேர்ந்து உருகிக் கொதிகலன் குழாய்களில் பாறையாக ஒட்டும். மண்ணுக்கு வேண்டிய அதே பொட்டாஷ் இங்கே கேடு. கடலைத்தோலும் மரத்தூளும் கிடைக்கும்வரை வில்லை செய்பவர் நெல்வைக்கோலுக்கு நல்ல விலை தருவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பஞ்சாபில் எரிந்து வீணாவதை மின்சாரமாக்குவது ஏற்கத்தக்க யோசனை. மாடு தின்னக் காத்திருக்கும் வைக்கோலை இங்கே கொதிகலனுக்கு அனுப்புவது அப்படியல்ல. இந்த மூன்றுக்கும் வெளியே, காளான் வளர்ப்போர் கேட்பது மிகச் சொற்பம். ஆனால் சுத்தமான, பூசணமில்லாத கட்டுக்கு அவர்கள் நல்ல விலை தருவார்கள்.

நோய் பற்றியும் ஒரு வார்த்தை. இலையுறைக் கருகலோ தண்டழுகலோ கடுமையாகத் தாக்கிய வயலில் வைக்கோலை உழுதால் நோய்வித்து அடுத்த பயிருக்குக் காத்திருக்கும். அதை அகற்றி மக்குக்குழியில் போட்டு, சூடேற மக்கவைத்த பிறகே வயலுக்குக் கொண்டுவரலாம்.

பொன்னேரி, மீஞ்சூர் வட்டார வயலுக்கு இவற்றிலிருந்து வரும் முடிவு இது. சம்பா வைக்கோல், பின்னாலேயே நவரை நடுவதானால், விற்க வேண்டியது. விற்ற ஒவ்வொரு டன்னுக்கும் அரை மூட்டைக்குச் சற்று அதிகமான பொட்டாஷை அடுத்த பயிரின் அடியுரத்திலும் மேலுரத்திலும் பிரித்துக் கொடுக்கவேண்டும். மண் பரிசோதனையில் சாம்பல்சத்து உயர்வு என்று வந்தால் அதைக் குறைத்துக்கொள்ளலாம். நவரை வைக்கோலை, கரிமம் குறைந்த வயலில் கோடையில் உழுதுவிடுவது நல்லது. மற்ற வயலில் அந்த ஆண்டின் தீவன விலை தீர்மானிக்கட்டும். சொர்ணவாரி வைக்கோல் காய்ந்தால் சொந்த மாட்டுக்கு. நனைந்தால் வரப்போரம் குவித்துச் சாணக்கரைசல் தெளித்து மக்கவைக்கலாம். இல்லையென்றால் யூரியா தூவி, நடவுக்குப் போதிய நாள் விட்டு உழலாம். ஏக்கருக்கு இவ்வளவு என்று குத்துமதிப்பாக விலைபேசும் பேலர்காரரிடம் கட்டை எண்ணித்தான் கணக்குப் பார்க்கவேண்டும். அந்தப் பேச்சை அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுவது நல்லது. வைக்கோல் வயலில் கிடந்து வானம் கறுத்தபின் பேசப் போனால் விலையை அவர்தான் சொல்வார்.